மணப்பாடு என்ற ஏழாவது கலம்

"அந்த இடத்துல ஒரு வார்த்தை போடணுமா, வேண்டாமா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும் மேடம்."

ஜூடித் நீட்டிய தாளைச் சந்துரு எட்டிப் பார்த்தான். கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரி. மணமகள் கேரல். அதன் கீழே 'கொர்னேலியஸ் - ஜூடித் தம்பதியரின் மகள்' என்று இருந்தது. அப்பா பெயருக்கு முன்னால் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலியாகக் கிடந்தது. அங்கே 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் வந்து உட்கார வேண்டுமா, அல்லது இடத்தையே மூடிவிடலாமா என்பதுதான் கேள்வி.

"திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள்ள சொல்லணும்னு பிரஸ்காரர் சொல்லிட்டாரு. ஜனவரியில கல்யாணம்."

"ஒன்பது வருஷமா தெரியாததை நாலு நாள்ல கேக்கறீங்க. எங்க மேடத்துக்கு இதெல்லாம் பிடிக்கும்," என்றான் சந்துரு.

தாரணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'வாயை மூடு' என்று பொருள். சந்துருவுக்கு அது தெரியும். தெரிந்தே பல வருடமாக மூடாமல் இருக்கிறான்.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது தாரணியின் துப்பறியும் அலுவலகம். அதைத் திறப்பதற்கு முன் அவள் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மரணங்களை விசாரிக்கும் வேலையில் இருந்தவள். காகிதத்தில் செத்துப்போய், சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறாள். சந்துரு அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, டைப்பிஸ்ட். கேட்காத நேரத்தில் ஜோக்கும் அடிப்பான்.

இரண்டு சந்து தள்ளித்தான் ஜூடித்தின் வீடு. நர்ஸ் உடுப்பை மாற்றாமலே கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமுமாக ஒரு நட்சத்திரம் தொங்கியது. டிசம்பர் பிறந்தால் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம்தான். பக்கத்து வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

"அவங்க வீட்ல ஏன் கட்டல?" என்று கேட்டாள் தாரணி.

"பொன்னம்மாக்கா வீடு. மார்ச்சுல அவங்க மாமனார் தவறிட்டாரு. சாவு விழுந்த வருஷம் நாங்க ஸ்டார் கட்ட மாட்டோம், கேக்கு போட மாட்டோம்."

"சரி. உங்க வீட்டுக்காரர் கதைக்கு வாங்க."

அவள் சொல்லத் தொடங்குமுன் சந்துரு முந்திக்கொண்டான். "நான் சொல்றேன் மேடம். பதினாறு வயசுல கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து இவரோட ஏழு புத்தகத்தையும் படிச்சவன் நான்."

கொர்னேலியஸ் மைசூருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் குமாஸ்தா. தொழிலாளிகளின் சர்வீஸ் ரிஜிஸ்டரை எழுதிக் காப்பதுதான் வேலை. யார் எப்போது சேர்ந்தார், எத்தனை நாள் லீவு, எதற்குத் தண்டனை, எப்போது ஓய்வு என்று பகலெல்லாம் எழுதுவார். வீட்டுக்கு வந்தால் விண்வெளிக்குப் போய்விடுவார். அவர் கதையில் மனிதன் முதன்முதலாகச் சூரிய மண்டலத்தைத் தாண்டி அனுப்பிய ஆராய்ச்சிக் கலங்கள் ஏழு. அவற்றுக்கு 'முத்துக்குளி வகுப்பு' என்று பெயர். இருட்டுக்குள் மூச்சடக்கி இறங்கி, கிடைத்ததை அள்ளிக்கொண்டு மேலே வருகிற கலங்கள். அவருடைய முன்னோர்கள் முத்துக்குளித்த கடற்கரைக்காரர்கள். அதனால் கலங்களுக்குப் பழைய துறைமுகங்களின் பெயர்களையே வைத்தார். கொற்கை, தொண்டி, முசிறி, பூம்புகார், காயல், மாமல்லை, மணப்பாடு. கலத்துக்கு ஒரு பாக்கெட் நாவல்.

"ஒவ்வொரு புத்தகத்தோட கடைசிப் பக்கத்துலயும் கலத்துக்கு ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர் இருக்கும் மேடம். 'கொற்கை. பணியில் சேர்ந்த நாளிலேயே வெளித்தகட்டில் விரிசல். பயிற்சிப் பள்ளியாக மாற்றப்பட்டது. நன்னடத்தை.' 'தொண்டி. எல்லை தாண்டிய முதல் கலம். ஊக்க ஊதியம் ஒன்று.' ராக்கெட்டுக்கு இன்கிரிமென்ட் குடுத்த ஒரே மனுஷன் உலகத்துலயே இவர்தான்!"

ஜூடித் சிரிக்கவில்லை. "அந்த ராக்கெட்டுக்காக இருந்த வேலையை விட்டுட்டாரு தம்பி. எங்கிட்ட சொல்லல. ஆறு மாசம் தினமும் டிபன் கேரியர் கட்டிக் குடுத்தேன். அதை எடுத்துட்டுப் போயி பார்க்குல உக்காந்து எழுதியிருக்காரு. தெரிஞ்ச அன்னைக்குச் சண்டை. மறுநாள் காலையில போயிட்டாரு. ஒரு வாரம் கழிச்சு பாலாத்து மணல்ல அவர் பையும் கண்ணாடியும் கெடச்சுது. ஆத்தோட போயிட்டாருன்னு போலீஸ்ல எழுதிட்டாங்க."

"நீங்க எழுதல," என்றாள் தாரணி.

"நான் எழுதல. பூசை வைக்கல. கறுப்பு கட்டல."

அவள் எழுந்து போய் ஒரு சிற்றிதழை எடுத்து வந்தாள். கோலார் தங்கவயலில் சில வாசகர்கள் சேர்ந்து நடத்துவது. நாவல்களை எழுதியவர் வீட்டுக்கு ஒரு பிரதி அனுப்புவது மரியாதை என்று போன வாரம் அனுப்பியிருந்தார்கள். 'முத்துக்குளி வகுப்பு: முழுப் பணி வரலாறு' என்று நான்கு பக்கம். எழுதியவர் பெயர் இல்லை. தபாலில் வந்தது, உறையைத் தூக்கிப் போட்டுவிட்டோம் என்று அவர்கள் சொன்னார்களாம்.

சந்துரு வாங்கிக் கடைசிப் பத்தியை உரக்கப் படித்தான்.

'மணப்பாடு. ஏழாவதும் கடைசியுமான கலம். துறைத் தலைவியின் வாய்மொழி உத்தரவின் பேரில் புறப்பட்டது. ஓராண்டு முடியும் முன் துறையின் எல்லை வரை திரும்பி வந்தது. துறை விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் உள்ளே நுழையவில்லை. தற்போது புலிக்காவலன் கோளில் பணி. பெயர் நீக்கம் கோரப்படுகிறது.'

"தலைவியோட உத்தரவு எங்க கதையில வருது? ஏழாவது புத்தகத்துல கலம் தானாத்தான் கெளம்பும்," என்றான் சந்துரு.

"கதையில வராது தம்பி. சமையல்கட்டுல வந்துச்சு." ஜூடித் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "அந்தச் சண்டையில நான்தான் சொன்னேன். 'உங்க கலம் ஏதாச்சும் ஒண்ணுல ஏறிப் போயிடுங்க'ன்னு. அப்ப அங்க நாங்க ரெண்டு பேர்தான். கேரல் ஸ்கூலுக்குப் போயிருந்தா."

தாரணி வாசலில் தொங்கிய நட்சத்திரத்தைப் பார்த்தாள். காகிதம் பல இடங்களில் ஒட்டுப் போட்டிருந்தது.

"இது பழசு போலிருக்கே?"

"அவர் கட்டினது. வருஷா வருஷம் பேப்பரை மட்டும் மாத்துவேன்."

"அவர் காணாமப்போன வருஷமுமா?"

"அந்த வருஷம்தான் சந்துலேயே மொத ஆளா மாட்டினேன். டிசம்பர் ஒண்ணாந்தேதியே."

தாரணி எழுந்தாள். இதழை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

* * *

"மேடம், எழுதினவர் ஒரு இடத்துல சொதப்பிட்டாரு," என்றான் சந்துரு, அலுவலகப் படியேறும்போதே. "துறை விளக்கு எரிஞ்சா கலம் உள்ள வரணும். இங்க எரிஞ்சுதுன்னு திரும்பிப் போகுதாம். எந்தக் கப்பல்காரனாவது வெளக்கைப் பாத்துப் பயப்படுவானா?"

"அவர் கதையில விளக்கை எப்ப அணைப்பாங்க?"

"கலம் தொலஞ்சு போச்சுன்னா அணைப்பாங்க. முசிறி பனிமேகத்துக்குள்ள போயித் திரும்பவே இல்ல. ஒரு வருஷம் துறையில வெளக்கே ஏத்தல. அந்தப் பக்கம் படிச்சப்ப நான் பஸ் ஸ்டாண்டுல அழுதேன். திருட்டுக் கொடுத்துட்டேன்னு நெனச்சு ஒரு போலீஸ்காரரு விசாரிச்சாரு."

"அப்ப அது சொதப்பல் இல்ல சந்துரு. கொர்னேலியஸைத் தவிர வேற யாராலயும் பண்ண முடியாத தப்பு அது."

"புரியல மேடம்."

"எனக்குப் பாதிதான் புரியுது. புலிக்காவலன் கோளைப் பத்தி முன்னாடி ஏதோ இருக்கே, படி."

அவன் படித்தான். 'பாம்பு சுருண்டாற்போன்ற பாதையில் ஏறியே அங்கே தரையிறங்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப்பேர் வயிற்றைக் காலிசெய்த பிறகே அடைகிறார்கள். நிலவில்லாத நாளில் இரண்டு மொழிக் கூட்டம் நிரம்பும். மற்ற நாட்களில் குரங்குகளின் ஆட்சி. வருகிறவர்களின் பயணத்தைக் கழற்றி வாங்கி வைத்து, போகும்போது திருப்பித் தருவதே கலத்தின் இப்போதைய பணி.'

படித்து முடித்ததும் சந்துரு இதழைக் கீழே வைத்தான். அவன் முகம் மாறியிருந்தது.

"மேடம், இந்தக் கோள்ல நான் வாந்தி எடுத்திருக்கேன்."

"என்ன?"

"மாதேஸ்வரன் மலை! புலிமேல உக்காந்த சாமி. அமாவாசைக்கு அமாவாசை கன்னடக்காரங்களும் தமிழங்களும் வந்து குவிவாங்க. கொள்ளேகாலத்துலேர்ந்து பஸ். சின்ன வயசுல எங்கம்மா என்னைக் கூட்டிட்டுப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் மோந்து பாக்கச் சொல்லும். புண்ணியமே இல்ல."

தாரணி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில மொத பஸ். எலுமிச்சம்பழம் நீயே வாங்கிட்டு வந்துடு."

* * *

கொள்ளேகாலத்தில் நடத்துனர் கன்னடத்தில் "பெட்டா, பெட்டா", அதாவது மலைக்கு மலைக்கு என்று கூவி ஏற்றிய பஸ்ஸில் மலையேறி, அவர்கள் இறங்கியபோது உச்சிவெயில். சந்துரு எலுமிச்சம்பழத்தின் புண்ணியத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டான்.

"பயணத்தைக் கழற்றி வாங்கறதுன்னா என்ன மேடம்? முடிதானே? மொட்டை அடிக்கற எடத்துல பாப்போம்."

"முடியைத் திருப்பித் தர முடியுமா?"

"அதுவும் சரிதான். தர முடிஞ்சா எங்க சித்தப்பா மொத ஆளா வந்து நிப்பாரு."

மூட்டை முடிச்சு வைக்கிற அறையில் விசாரித்தார்கள். இரண்டு இளைஞர்கள்தான் இருந்தார்கள். விடுதியில் கேட்டார்கள். தேங்காய்க் கடைகளில் கேட்டார்கள். கொர்னேலியஸ் என்ற பெயரைச் சொன்னால் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"வா, சாமியையாவது பாத்துட்டு வருவோம்," என்றாள் தாரணி.

கோயில் வாசலருகே தகரக் கூரை போட்ட ஒரு செருப்புக் காப்பகம் இருந்தது. மரப் பலகைகளில் செருப்புகள் ஜோடி ஜோடியாக வரிசையில் இருந்தன. நரைத்த தாடியோடு ஒருவர் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"வார் அறுந்தது, பாத்து வைங்க சார். பரம்பரைச் சொத்து," என்று சந்துரு தன் செருப்பைத் தள்ளினான். அவர் நிமிராமலே ஒரு தகர வில்லையை நீட்டினார். வாங்கிக்கொண்டு, வெயிலில் சுட்ட கல்மேல் துள்ளியபடி நாலு அடி வைத்தவன், வில்லையில் எண் என்ன என்று பார்த்தான்.

எண் இல்லை. சிவப்புப் பெயின்டில் 'முசிறி' என்று எழுதியிருந்தது.

கால் சுடுவது அவனுக்கு மறந்து போயிற்று. திரும்பிப் பார்த்தான். பலகைகளின் விளிம்பில் அதே சிவப்பு எழுத்துகள். கொற்கை. தொண்டி. பூம்புகார். காயல். மாமல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துறைமுகம். மணப்பாடு மட்டும் இல்லை.

எத்தனை வீதி நடந்தாலும் மனிதனின் பயணம் காலில் மாட்டிய செருப்பில்தானே இருக்கிறது! அதைக் கழற்றி வாங்கி வைப்பதற்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பது தங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

சந்துரு திரும்பி வந்து பலகைமேல் கையை ஊன்றினான். மேடத்தைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனாலும் வாய் பழைய வாய்தானே.

"சார், முசிறி திரும்பி வராத கலமாச்சே. என் செருப்பு திரும்பி வருமா?"

அடுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

* * *

அவர் ஓடவில்லை. மறுக்கவும் இல்லை. பக்கத்தில் தேங்காய் விற்ற சித்தம்மாவிடம் "கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பின்னாலிருந்த மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்.

"அனுப்பினது அவளா?"

"ஆமா. கேரலுக்கு ஜனவரியில கல்யாணம்," என்றாள் தாரணி.

"கேரலுக்கா?" அவர் தாடியைத் தடவினார். "நான் போறப்ப அவ பத்தாங்கிளாஸ் படிச்சிட்டிருந்தா."

"பாலாத்துல பையை ஏன் வச்சீங்க?"

"வருத்தப்படட்டும்னுதான். ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் போயிடலாம்னு நெனச்சேன். வெக்கம் விடல. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மொத நாள் சாயந்திரம் மைசூர் போனேன். பேக்கரி முனை வரைக்கும் போயிட்டேன். அங்கேர்ந்து பாத்தா எங்க வாசல் தெரியும்." பிறகு அவர் குரலில் ஒன்பது வருடக் கசப்பு ஏறியது. "ஸ்டார் எரியுது. நான் கட்டின ஸ்டாரு! செத்தவன் வீடு அப்படியா இருக்கும்? எங்க ஆளுங்க ஒரு நாய்க்குட்டி செத்தாக்கூட யோசிப்பாங்க. எனக்காக ஒரே ஒரு வருஷம் இருட்டா இருக்க முடியலையா அவளுக்கு? சரி, போன்னு சொன்னவ சந்தோஷமாத்தான் இருக்கான்னு திரும்பிட்டேன்."

சந்துருவுக்கு அப்போதுதான் புரிந்தது. துறை விளக்கு எரிந்ததால் உள்ளே நுழையாத கலம்.

தாரணி அவசரப்படாமல் பேசினாள். "சாவு நடந்த வீட்லதான் ஸ்டார் கட்ட மாட்டீங்க, இல்லையா?"

"ஆமா."

"உங்க மனைவி சாவு நடந்ததா ஒத்துக்கவே இல்ல சார். போலீஸ் சொல்லியும் ஒத்துக்கல. பூசை வைக்கல. கறுப்பு கட்டல. புருஷன் ஆத்தோட போயிருக்கான், இவ ஸ்டார் கட்டறா பாருன்னு சந்தே பேசியிருக்கும். இருட்டாக்கினா உங்களைச் செத்தவரா ஆக்கின மாதிரி. அதுக்குத்தான் மாட்டினாங்க. இந்த வருஷமும் அதே ஸ்டார்தான் தொங்குது. பேப்பர் மட்டும் மாத்தினதாச் சொன்னாங்க."

ஒரு குரங்கு கூரைமேல் தாவி ஓடியது. தகரம் அதிர்ந்தது. சித்தம்மா யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து போய், காத்திருந்த ஒரு குடும்பத்துக்குச் செருப்புகளை எடுத்துக் கொடுத்தார். "ஐயா, இது நம்மது இல்ல," என்று அந்தப் பெண் திருப்பித் தந்தாள். அவர் மறுபடியும் தவறாகவே எடுத்துக் கொடுத்தார்.

"நாலரைக்குக் கடைசி பஸ்," என்றார் அவர் திரும்பி வந்து. "இருக்கறதெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வந்துடறேன். நீங்க ஸ்டாண்டுல இருங்க."

சந்துரு சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு ஒரு யோசனை தோன்றியது. "என் செருப்பை இங்கயே விட்டுட்டுப் போறேன் சார். வரும்போது கையோட எடுத்துட்டு வாங்க. இல்லன்னா மைசூர் வரைக்கும் வெறுங்காலோட போகணும். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம்."

"கொண்டு வரேன்," என்றார் கொர்னேலியஸ்.

* * *

நாலரைக்கு ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். சந்துரு வெறுங்காலோடு பஸ்ஸின் கடைசிப் படியில் நின்று கோயில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். நடத்துனரிடம் அரைகுறைக் கன்னடத்தில் ஒரு பெரியவர் வரவேண்டியிருக்கிறது என்று கெஞ்சினான். "பேக பேக" என்று அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே அவசரப்படுத்தினார்.

பஸ்ஸைப் பிடித்து வைக்கச் சொல்லித் தாரணியிடம் கத்திவிட்டுச் சந்துரு குதித்து ஓடினான்.

காப்பகத்தில் ஆள் இல்லை. எல்லாச் செருப்புகளும் வெளியே தரையில் ஜோடி ஜோடியாக, அழகாக வரிசை பிடித்து வைக்கப்பட்டிருந்தன. பக்தர்கள் வந்து தாங்களே தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். வில்லைகள் ஆணியில் கோத்துத் தொங்கின.

"அவரு போயிட்டாருங்களே," என்றாள் சித்தம்மா. "நீங்க அந்தப்பக்கம் போனதும் செருப்பையெல்லாம் எடுத்து வச்சுட்டுப் பையைத் தூக்கிக்கிட்டாருங்க. பாலாத்துப் பக்கம் மூங்கில் லாரி ஒண்ணு கெளம்புச்சு, அதுல ஏறிட்டாரு. ஏனுங்க, போலீஸுங்களா நீங்க?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்குங்க அப்படி அழுதுட்டே போனாரு?"

சந்துருவின் செருப்பு மட்டும் தனியாகப் பலகைமேல் இருந்தது. அறுந்த வார் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. நெருக்கமான, ஒழுங்கான தையல். ஓடிப்போகிற அவசரத்திலும் உட்கார்ந்து தைத்திருக்கிறார் மனிதர்.

பதினாறு வயதில் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இவருக்காகவா அழுதோம் என்று நினைத்தபோது, அந்தச் செருப்பைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது சந்துருவுக்கு. எறியவில்லை. மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

பாதி மலை இறங்கும்வரை அவன் பேசவே இல்லை. தாரணிக்கே அது பொறுக்கவில்லை.

"என்ன, எலுமிச்சம்பழம் வேணுமா?"

"மேடம், செத்துட்டாருன்னு சொல்லிடுவோம். போன வருஷமே செத்துட்டாரு, மலையிலயே பொதைச்சுட்டாங்கன்னு. அந்தம்மா அழுதுட்டு நிம்மதியா இருப்பாங்க."

"நிம்மதியா இருப்பாங்க. ஆனா எதுக்காக ஒன்பது வருஷம் ஸ்டார் மாட்டினாங்களோ, அது சரியா தப்பான்னு அவங்களுக்குத் தெரியாமலே போயிடும். அவங்க நெனச்சது சரிதான் சந்துரு. அவர் உயிரோட இருந்தாரு. அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்ல."

"சரியா இருந்து என்ன மேடம் பிரயோஜனம்?"

தாரணி எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

* * *

திங்கட்கிழமை அந்தி சாயும் நேரம். சந்தில் ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியிருந்தன. கேரல் துணி எடுக்கப் போயிருந்தாள். ஜூடித் வாசலிலேயே நின்று தாரணி சொன்ன அத்தனையையும் கேட்டாள். நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவள் போல முகம் அசையாமல் இருந்தது.

முடிந்த பிறகு, "எங்க நின்னாராம்?" என்றாள்.

"பேக்கரி முனையில."

அவள் படியிறங்கி, பேக்கரி முனையைப் பார்த்தாள். பிறகு தன் வாசலைப் பார்த்தாள். ஒரு சின்னக் குழந்தை ஓடிவிடுகிற தூரம்.

"அன்னைக்குச் சாயந்திரம் நான் இந்தப் படியிலதான் உக்காந்திருந்தேன். டூட்டி மாத்தி வாங்கிட்டு. யாராச்சும் முனை திரும்பினா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்தேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஸ்டாரைப் பாத்தாரு. படியில இருந்தவளைப் பாக்கலையா?"

சந்துரு தலையைக் குனிந்துகொண்டான். கண்ணில் பட்டது தைத்த செருப்புத்தான்.

"மொத தடவை நான் போன்னு சொன்னேன். போனாரு. அந்தத் தப்பு என்னுது, ஒன்பது வருஷமா சுமக்கறேன்." ஜூடித் தாரணியை நேராகப் பார்த்தாள். "நேத்து யாரு மேடம் போகச் சொன்னாங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்துக்குள் போய்ச் சுவிட்சை அணைத்தாள். வாசலில் சட்டென்று இருட்டு விழுந்தது. ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு ஏறி, நட்சத்திரத்தின் கயிற்றை அவிழ்த்து, அதைக் கிழிசல் படாமல் கீழே இறக்கினாள்.

"தம்பி, ஒரு உதவி. பிரஸ்ல நீங்களே போயிச் சொல்லிடுங்க. அந்த வார்த்தையைப் போட்டுடட்டும்."

"அம்மா…"

"பேரை எடுக்கச் சொல்லி அவரேதானே எழுதிக் கேட்டிருக்காரு?"

சந்துருவுக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. தலையசைத்தான்.

பக்கத்து வீட்டு இருட்டு வாசலிலிருந்து பொன்னம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன் ஜூடித்து, பல்பு போச்சா? எங்க வீட்டுப் பழசு ஒண்ணு இருக்கு, தரட்டுமா?"

"பல்பு நல்லாத்தான் இருக்குக்கா."

"பின்ன ஏன் எறக்கிட்டே?"

ஜூடித் நட்சத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பழைய காகிதம் அவள் கையில் சரசரத்தது.

"இந்த வருஷம் எங்க வீட்ல துக்கம்க்கா," என்றாள். "கிறிஸ்துமஸோட முடிஞ்சிடும். ஜனவரியில கல்யாணம் இருக்கில்ல."